பன்னிரண்டாவது தாள்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளை எல்லோரும் 'பிரேக்கக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மாணவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழியும்போது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கின்மேல் பாதத்தை வைத்துக் காத்திருப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள். கையில் ஸ்டியரிங் இல்லாதவளுக்கு வண்டியின் சேதியெல்லாம் இடுப்பு வழியாகத்தான் வந்து சேரும். டயரில் காற்று கொஞ்சம் குறைந்தாலும் தெருமுனை திரும்புவதற்குள் சொல்லிவிடுவாள். பள்ளியின் மெக்கானிக் முதலில் நம்பவில்லை. நாலைந்து தடவை அளந்து பார்த்து அலுத்துப்போய், "நீங்க இருக்கறப்ப எனக்கெதுக்குக்கா இந்த மீட்டரு?" என்று விட்டுவிட்டார்.

அவளுடைய தம்பி கார்த் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவுப் பொறியாளர். அவளைவிட ஒன்பது வயது இளையவன். அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்வான். கல்யாணத்துக்குப் பிறகும் அவன் மனைவி எதிரிலேயே அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான். "அக்கா, எங்க கம்பெனியில ஒரு சோதனை. பன்னெண்டு பேர் வேணும். இன்ஜினியரா இருக்கக் கூடாது, சாதாரணமா வண்டி ஓட்டறவங்களா இருக்கணும். பதினோரு பேர் கெடச்சாச்சு. நீ வர்றியா?"

"நான் சாதாரணமாடா?"

"உன்னை மாதிரி ஆளுக்கு எங்க தாள்ல தனிக் கட்டம் இல்லக்கா. வா."

போனாள். ஒரே நிறத்தில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று, இரண்டு என்று எண் ஒட்டியிருந்தது. வளைவில் வண்டி சாயாமல் இருக்கப் பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஓர் இரும்புத் தண்டு உண்டாம். அதை ஒரு காரில் மட்டும் கழற்றியிருந்தார்கள். எதில் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றிலும் மூன்று சுற்று ஓட்டிவிட்டு, வித்தியாசம் தெரிந்ததா, தெரிந்தால் என்ன என்று தாளில் எழுதித் தர வேண்டும்.

அவளுக்கு முன்னால் ஓட்டிவிட்டு வந்த நர்ஸ் ஒருத்தி, "எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க. ரெண்டாவதுல ஏசி மட்டும் ஜோரா இருக்கு" என்றாள்.

முதல் கார் வளைவில் சொன்னபடி கேட்டது. இரண்டாவதில் உடம்பு முதலில் சாய்ந்தது. பின்பக்கம், தூக்கத்தில் எழுப்பிய பிள்ளை முனகிக்கொண்டே வருவதுபோல ஒரு கணம் தாமதித்து வந்தது. இன்னும் இரண்டு சுற்று ஓட்டினாள். அதேதான். தாளில் 'ஆம்' என்று குறியிட்டு, கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினாள்: 'இரண்டாவது வண்டி சாய்கிறது. பின்பக்கம் தாமதமாக வருகிறது. புதிதாகக் கற்பவர்கள் பயந்துபோய் ஸ்டியரிங்கை அதிகமாக ஒடித்துவிடுவார்கள்.'

தாளை வாங்கிப் படித்த தம்பி, "இவ்வளவா தெரிஞ்சுது?" என்றான்.

"தெரியாமலா எழுதுவேன்?"

அவன் சிரித்தான். அவளுக்கு அன்று சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவளுடைய இடுப்புக்குத் தெரிந்ததை எழுதித் தரச்சொல்லி இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

ஐந்து மாதம் கழித்து அந்தக் காரின் புதிய மாடல் வந்தது. பள்ளி முதலாளி மூன்று கார் வாங்குவதாக இருந்தார். விற்பனைப் பிரதிநிதி வழவழப்பான புத்தகம் ஒன்றோடு வந்து, பின்புற அமைப்பை எளிதாக்கி எடையைக் குறைத்திருப்பதாக அவளிடம் விளக்கினார். "பழசுக்கும் புதுசுக்கும் பன்னெண்டு டிரைவருங்கள்ல ஒருத்தராலகூட வித்தியாசம் சொல்ல முடியல, மேடம்."

"பன்னெண்டு பேருமா?"

"ஒருத்தர் விடாம."

எளிதாக்கியது என்றால் அந்தத் தண்டை எடுத்துவிட்டதுதான் என்று அவளுக்குப் புரிந்தது. தம்பிக்கு ஃபோன் செய்தாள். "நேர்ல வந்து பேசறேன்க்கா" என்று அவன் இழுத்த இழுப்பிலேயே பாதி புரிந்துவிட்டது. மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்கே போனாள். அவன் அவளைக் கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறையில் உட்காரவைத்தான்.

"என் தாளை எடுத்துட்டு வா."

"அதெல்லாம் வெளியாளுங்க பாக்கக் கூடாதுக்கா."

"நான் எழுதினதை நான் பாக்கக் கூடாதா?"

கோப்பைக் கொண்டுவந்து வைத்தான். அவள் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். நர்ஸுடைய தாள் இருந்தது. பதினோரு தாள்களும் பதினோரு கையெழுத்தில், வேறு வேறு மையில் 'இல்லை' என்றன. அவை பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பன்னிரண்டாவது அவளுடையது. அதிலும் 'இல்லை' என்றுதான் குறியிட்டிருந்தது. ஓரத்தில் ஒரு வரி இல்லை. கையெழுத்து மட்டும் கடைசிச் சுழி வரை அவளுடையதேதான். பள்ளிக்கூட நாளில் அவளுக்குத் தெரியாமல் மார்க் அட்டையில் அவள் கையெழுத்தைப் போட்டுப் பழகிய தம்பியின் கை. அப்போது அகப்பட்டுக்கொண்டவனைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்திருந்தாள்.

"எதுக்குடா?"

"மேல இருக்கறவர், எல்லாரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கணும்னு எதிர்பார்த்தார். நீ ஒருத்தி மட்டும் ஆமான்னா, யார் இந்தம்மான்னு விசாரிப்பாங்க. என் அக்கான்னு தெரிஞ்சா மொத்தச் சோதனையும் போச்சு."

"அப்ப தாளைக் கிழிச்சுப் போட்டிருக்கலாமே."

"பன்னெண்டு பேர்னு முன்னாடியே எழுதிக் குடுத்தாச்சுக்கா."

"கிழிச்சுப் போட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்டா. என் கையெழுத்தப் போட்டே என்னைப் பொய் சொல்ல வெச்சுட்டியே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் விடவில்லை. தண்டு கழற்றிய கார் இன்னும் அங்கேதான் நின்றது. அவனை ஓட்டச்சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வளைவில் வண்டி சாய்ந்தது. பின்பக்கம் அதே சோம்பலோடு வந்தது.

"தெரியுதா?"

"இல்லக்கா. சத்தியமாத் தெரியல. கருவியில காட்டுது, உடம்புக்கு ஒண்ணுமே தெரியல. அதனாலதான் நீயும் ஏதோ இருக்கும்னு நெனச்சுக்கிட்டு சும்மா எழுதிட்டியோன்னு…"

"சந்தேகமா இருந்தா இன்னொரு தடவை ஓட்டச் சொல்லியிருக்கலாமே. எண்ணை மாத்தி ஒட்டிக் கேட்டிருக்கலாமே. பத்து தடவை கூப்பிட்டாலும் வந்திருப்பேனேடா."

அவன் எஞ்சினை அணைத்தான்.

அன்று மாலையே நடந்ததை எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினாள்; முதலாளிக்கும் ஒரு நகல் கொடுத்தாள். நிறுவனத்திலிருந்து கடிதம் கிடைத்ததாக ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். தம்பியை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். முதலாளி தலையைச் சொறிந்துவிட்டு மூன்றுக்குப் பதில் இரண்டு கார் வாங்கினார். "எல்லாருக்குமா உங்க இடுப்பு இருக்கு?" என்று சமாதானம் சொன்னார். அதில் ஒன்றில்தான் இப்போது அவள் கற்றுக்கொடுக்கிறாள். வளைவு வருமுன்பே மாணவரிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறாள், காரணம் சொல்வதில்லை.

இரண்டு மாதம் எட்டிப் பார்க்காத தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். திட்டு வாங்கத் தயாராகத்தான் வாசலில் நின்றான். அவள் கதவைத் திறந்து, "வாங்க, உக்காருங்க" என்றாள். பிறந்ததிலிருந்து அவள் வாயில் 'டா' தவிர வேறு கேட்டிராதவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றான்.