நாலாம் வண்டியின் மருந்துச் செலவு

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டி வைத்திருந்த செங்கோட்டையனிடம் செல்லாயி கணக்கெழுதச் சேர்ந்தது எழுபத்து நாலில். அப்போது ஒரே வண்டி. எண்பத்தேழில் வண்டிகள் ஆறாகி மூன்று மாநிலங்களில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த வருஷம்தான் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. இனித் தனக்கு இங்கே வேலை இராது என்றே அவள் முடிவு கட்டிவிட்டாள்.

கணக்குப் புரோகிராம் போட்டுக்கொடுக்கச் சேலத்திலிருந்து முகம்மது ஹனீப் வந்தார். வந்ததும் முதலாளியின் அறைக்குள் போகாமல் செல்லாயியின் மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அக்கா, எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும். போர் தொழில் தெரியாது. எந்தக் கணக்கு எதுக்குக் கீழ வரணும்னு நீங்கதான் சொல்லணும்."

இப்படி ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. அதுவரை பேரேட்டில் டீசலுக்கு ஒரு பக்கம், ஆட்களின் தினப்படியான பேட்டாவுக்கு ஒரு பக்கம். எந்த வண்டியின் செலவுச் சீட்டானாலும் அதே பக்கத்தில்தான் ஏறும். வருஷக் கடைசியில் மொத்தம் தெரியும். எந்த வண்டி எவ்வளவு தின்றது என்று தெரியாது.

அவள் சொல்லச் சொல்ல ஹனீப் தாளில் கிளை கிளையாகக் கோடு இழுத்தார். உச்சியில் கம்பெனி, அதன் கீழ் மாநிலம், மாநிலத்துக்குக் கீழ் வண்டி, ஒவ்வொரு வண்டிக்கும் கீழே டீசல், பேட்டா, சாப்பாடு, ரிப்பேர். எந்தக் கிளையைக் கேட்டாலும் அதன் கூட்டுத்தொகை தனியாக அச்சாகி வரும் என்றார். கடைசியாக 'இதரச் செலவு' என்று எழுதப் போனவரை அவள் நிறுத்தினாள்.

"இதுல பூசைத் தேங்காயும் இருக்குதுங்க, ஆளுங்களுக்கு வாங்கற மாத்திரையும் இருக்குதுங்க. ரண்டும் ஒண்ணாங்க? மருந்தைத் தனியாப் போடோணுங்க."

செங்கோட்டையன் சிரித்தார். "அஞ்சுக்கும் பத்துக்கும் ஒரு தலைப்பாம்மா?"

"அக்கா சொல்றது சரிங்க," என்ற ஹனீப், ஆறு வண்டிகளுக்குக் கீழும் மருந்து என்று எழுதினார். பதினைந்து நாள் இருந்து அவளுக்கே எல்லாம் பழக்கிவிட்டுப் போனார். இடையில் ஒருநாள் அவள் தப்பாக எதையோ அழுத்தி அத்தனை வேலையும் அழிந்தபோது, அவள் கண் கலங்குவதைப் பார்க்காதவர்போல் கூடவே உட்கார்ந்து மறுபடி ஏற்றிக்கொடுத்தார்.

மூன்றாம் மாத அறிக்கை வந்தது. ஐந்து வண்டிகளுக்கு மருந்து முப்பது, நாற்பது ரூபாய். மத்தியப் பிரதேசத்தில் இருந்த நாலாம் வண்டிக்கு அறுநூற்றுச் சொச்சம். சீட்டுகளை எடுத்துப் பார்த்தாள். எல்லாம் பத்தும் பதினைந்துமாக அவள் கையாலேயே ஏற்றியவை. தனித்தனியாகப் பார்த்தபோது ஒன்றும் உறைக்கவில்லை.

"மொதலாளி, நாலாம் வண்டி ஆளுங்களுக்கு என்னமோ ஆயிருக்குதுங்க."

தாளை வாங்கிப் பார்த்த செங்கோட்டையன் உடனே டிரங்க் கால் போட்டார். "ஒண்ணுமில்லீங்க" என்றுதான் அந்த வண்டி மேனேஜர் முதலில் சொன்னார். அதட்டியதும் உண்மை வந்தது. குட்டைத் தண்ணீரைக் குடித்து ஏழு பேருக்கு வாந்தி, காய்ச்சல், கண்ணெல்லாம் மஞ்சள். வேலை நின்றால் அங்கே பிடித்த ஒப்பந்தம் கை நழுவிவிடுமே என்று மாத்திரை கொடுத்தே சமாளித்திருக்கிறார்.

செங்கோட்டையன் அன்றைக்கே தன் மச்சானை ரயிலேற்றினார். ஏழு பேரும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். நாச்சிமுத்து என்பவருக்கு மட்டும் இரண்டு நாள் நினைவே இல்லை. ஆனால் எல்லோரும் பிழைத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து நாச்சிமுத்துவும் அவர் மனைவி சின்னாயியும் அலுவலகத்துக்கு வந்தார்கள். சின்னாயி செல்லாயியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இந்த மனுசன் ஊடு வந்து சேந்தது உங்களாலதானுங்க."

செல்லாயி அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய் ஹனீப்பின் வீட்டைத் தேடிப்பிடித்தாள். நடந்ததையெல்லாம் சொல்லி அவருக்கு நன்றி சொன்னாள்.

"அந்தத் தலைப்பு நீங்க சொன்னதுதானேக்கா."

"நீங்க கேட்டீங்க, நான் சொன்னேனுங்க. பதிமூணு வருசத்துல வேற ஆரு கேட்டாங்க?"

அவர் மனைவி அஜீஸா அவளைச் சாப்பிடாமல் கிளம்ப விடவில்லை.

மறு வருஷம் ஏழாவது வண்டி வந்தது. கணக்கில் அதை எதன் கீழ் வைக்கலாம் என்று கேட்டுக்கொண்டு செங்கோட்டையனே அவள் மேசைக்கு வந்தார்.