படகை விட்டு விலகி நீந்துதல்

என் மனைவியின் அண்ணனுக்கு ஆற்றின் இரு கரைகளுக்கும் இடையே ஓடும் பயணிகள் படகில் வேலை. படகு துறையை நெருங்கும்போது கயிற்றை வீசி, கரையிலுள்ள இரும்புக் கட்டையில் மாட்டி, இழுத்து அணைத்துக் கட்ட வேண்டும். கிளம்பும்போது அவிழ்க்க வேண்டும். நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். மீசை முளைத்த நாளிலிருந்து மச்சான் இதைத்தான் செய்துவருகிறார். நீச்சல் தெரியாது. கேட்டால், தான் விழுந்ததே இல்லை என்பார்.

இந்த வருடம் புதிதாக வந்த நிர்வாகம், படகில் நிற்கும் எல்லோரும் நீந்திக் காட்ட வேண்டும், முடியாதவர்களுக்குக் கரையில் டிக்கெட் கவுண்டரில் இடம் என்று அறிவித்தது. சம்பளம் அதேதான். நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு. வேறொருவருக்கு வாயெல்லாம் பல்லாகியிருக்கும். மச்சானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தான் கட்டாத படகு தன் கண் முன்னால் போவதைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்க்க முடியாது என்று என் மனைவியிடம் சொன்னாராம்.

நகராட்சி நீச்சல் குளத்தில் பெரியவர்கள் வகுப்பு நிரம்பியிருந்தது. குழந்தைகள் வகுப்பில் ஓர் இடம் இருந்தது. ஏழு வயதான என் மகள் ஏற்கெனவே அங்கே மாணவி. அவளுக்கு அடுத்த இடத்தில் அவள் மாமா வரிசையில் நின்றார். பிள்ளைகளுக்குக் கழுத்தளவாக இருந்த தண்ணீர் அவர் தொப்பையைக்கூட எட்டவில்லை. நான் கரையிலிருந்த பெஞ்சில் ஷூவை அவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஆபத்து என்றால் உடனே குதிக்க வேண்டுமே. எனக்கும் நீச்சல் தெரியாது என்பது வேறு விஷயம்.

முதல் பாடம், முகத்தைத் தண்ணீரில் வைத்துக் குமிழி விடுவது. பக்கத்திலிருந்த பொடியன் கையைத் தூக்கினான்.

"மிஸ், இந்த அங்கிள் குமிழி நாறுது."

டீச்சர் மச்சானைப் பார்த்தார். மச்சான் தண்ணீரைப் பார்த்தார். சிகரெட் நாற்றம் என்பதை என் மகள் வகுப்பு முழுவதற்கும் விளக்கிச் சொன்னாள். அவர் மனைவி அழுதும், டாக்டர் நுரையீரல் படத்தைக் காட்டி மிரட்டியும் நடக்காத காரியம் அந்த வாரம் நடந்தது. பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டார். பொடியன் தினமும் முகர்ந்து பார்த்து அனுமதி கொடுத்தான்.

அடுத்தது மிதத்தல். தொப்பை இருப்பவர்கள் சுலபமாக மிதப்பார்கள் என்று டீச்சர் சொன்னதும் ஒல்லிப் பிள்ளைகள் அவரைப் பொறாமையோடு பார்த்தார்கள். ஆனால் மிதக்கக் கையை விட வேண்டும், மச்சான் சுவரை விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு காலை அடிக்கச் சொன்னால் பெஞ்சில் இருக்கும் நான்கூட நனைவேன். விடச் சொன்னால் காது கேட்காது. சுவரைத் தொட்டவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்பது வகுப்பு விதி. அவர் கடைசியிலேயே குடியிருந்தார்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். எதிர்ச்சுவரை முறைத்துப் பார்ப்பார், மூச்சை அடக்குவார், கடன்காரன் துரத்துவதுபோல் அடித்துப் பிடித்துப் போய்த் தொடுவார். பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சர் தட்டவில்லை.

"நடுவுல நின்னு மல்லாக்கப் படுங்க சார். தொடறதுக்கு ஒண்ணுமே இல்லன்னா என்ன செய்வீங்க?"

தன் தொழிலில் எதையாவது தொடுவதுதான் வேலை என்று மச்சான் மரியாதையாகப் பதில் சொன்னார்.

உடம்பு என்னவோ மாறியது. எங்கள் மாடிக்கு வரும்போது முன்பெல்லாம் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று போனைப் பார்ப்பார், போன் வராவிட்டாலும். இப்போது என் மகளின் பையையும் தூக்கிக்கொண்டு நிற்காமல் ஏறிவந்தார். வகுப்புக்கு முன் எண்ணெய்ப் பலகாரம் தின்றால் தலைகீழாகும்போது திரும்பி வருகிறது என்று அதையும் விட்டார். இதையெல்லாம் ஆரோக்கியம் என்று அவர் சொல்லவில்லை. தொந்தரவு என்றார்.

சோதனை இரண்டு சவாரிகளுக்கு இடையில் நடந்தது. அடுத்த சவாரிக்கான பயணிகளோடு நானும் மகளும் துறையில் நின்று இலவசமாக வேடிக்கை பார்த்தோம். படகு கரையிலிருந்து சற்றுத் தள்ளி நின்றது. பக்கத்தில் ரப்பர் படகில் காப்பாற்ற இரண்டு பேர். பரிசோதிக்க வந்த அம்மா சொன்னது மூன்றே விஷயம்: குதிக்க வேண்டும், படகை விட்டு விலகிப் போக வேண்டும், கூப்பிடும்வரை மிதக்க வேண்டும்.

மச்சான் குதித்தார். மேலே வந்தார். திரும்பி, படகின் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

விலகிப் போகச் சொன்னதை அந்த அம்மா நினைவுபடுத்தினார். தெரியும் என்றார் மச்சான். ஏறி மறுபடி குதித்தார். மறுபடி ஏணி. தன் கையை அவரே வேற்றாள் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மாமா சுவரத் தொடறாருப்பா," என்றாள் மகள் கவலையோடு.

இன்னும் ஒரே ஒரு முறைதான் என்று சொல்லப்பட்டது. படகோட்டுபவர், மச்சானோடு பழகிப் பழகிப் பேச்சே தேவைப்படாமல் போன மனிதர், பரிசோதகரின் காதில் ஏதோ கேட்டார். அந்த அம்மா ரப்பர் படகைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மூன்றாம் முறை குதித்து மேலே வந்தபோது மச்சானின் கைக்கு ஏணி கிடைக்கவில்லை. படகு பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஓட்டுபவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"நீ போக மாட்டேங்கற. சரி, நான் போறேன்."

மச்சான் கொஞ்ச நேரம் தண்ணீரை அடித்தார். நான் ஒரு ஷூவை அவிழ்த்துவிட்டேன். பிறகு பிடிக்க எதுவுமே இல்லை என்பது அவர் கைக்கும் புரிந்திருக்க வேண்டும். மல்லாந்தார். முதலில் தொப்பை வெளியே வந்தது, அப்புறம் முகம், அப்புறம் வாய். அந்த வாய் படகோட்டியையும், அவர் வம்சத்தையும், இன்ஜினையும், புது நிர்வாகத்தையும் நிதானமாக, முழு வாக்கியங்களில் திட்டத் தொடங்கியது. துறையில் நின்ற தாய்மார்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள். நானும் மகளின் காதைப் பொத்தினேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

"போதும், பாஸாயிட்டாரு. ஏறச் சொல்லுங்க," என்றார் பரிசோதகர்.

மச்சானின் காது தண்ணீருக்குள் இருந்தது. அவர் திட்டிக்கொண்டே மிதந்தார். ரப்பர் படகு போய்த் தோளைத் தட்டித்தான் அழைத்துவர வேண்டியிருந்தது.

அடுத்த சவாரிக்கு நேரமாகிவிட்டது. படகு துறைக்கு வந்தது. சட்டையைப் பிழியாமல், சொட்டச் சொட்டக் கயிற்றை வீசிக் கட்டினார். ஓட்டுபவர் ஒரு துண்டை நீட்டினார். முகத்தைப் பார்க்காமல் அதை வாங்கி, தன்னிடமிருந்து சொட்டி நனைந்திருந்த நடைபலகையை அழுத்தித் துடைத்தார் மச்சான்.

"பாத்து ஏறுங்க, வழுக்கும்," என்றார் பயணிகளிடம்.