செம்மநத்தத்துக்கு அப்பால் ஒரு பாறை

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சேலத்தில் இருந்த காலத்தில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கப் பொறுக்காமல் அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடப்பேன். பாதி வழியில் அந்த பஸ்ஸே என்னைத் தாண்டிப் போகும். அப்படிப்பட்டவளுக்குக் கல்யாணமாகி வாய்த்த வேலை, ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லாட்ஜின் வாசல் மேசையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது. அறைச் சாவி வேண்டும், அக்கா. வெந்நீர் வரவில்லை, அக்கா. குரங்கு சோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டது, அக்கா. காலையில் கண் விழிப்பதிலிருந்து விளக்கணைப்பது வரை யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

கால் போகாத இடத்துக்கெல்லாம் கையாவது போகட்டும் என்றுதான் வழி வரைய ஆரம்பித்தேன். படகில் ஒரு சுற்று சுற்றி, மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு இறங்கிப் போகிறவர்களுக்கு வழி எதற்கு? சிலர் மட்டும் நல்ல ஷூவோடு வருவார்கள். "நடக்கறதுக்கு எங்கங்க போகலாம்?" என்று கேட்பார்கள். அவர்களைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் பொங்கிவிடும். பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, அவரவர் முகத்தையும் காலையும் பார்த்து வழி போட்டுக் கொடுப்பேன். புதுசாகக் கல்யாணமானவர்களைக் கிளியூர் அருவிக்கு அனுப்பமாட்டேன். இறங்கும்போது கைகோத்துக்கொண்டு போவார்கள், ஏறும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். வயதானவர்களுக்கு சேர்வராயன் கோயில் பக்கம். மேலே போய்விட்டால் பரந்த சமதளம், வேண்டிய மட்டும் காற்று. சாயங்காலம் திரும்பி வருகிறவர்களை விடமாட்டேன். ஓடையில் தண்ணீர் இருந்ததா, எஸ்டேட் கேட் திறந்திருந்ததா, எந்த இடத்தில் வழி பிரிந்தது என்று துருவித் துருவிக் கேட்டு, அடுத்த படத்தில் திருத்திக்கொள்வேன். என் வீட்டுக்காரர், "போய்ட்டு வந்தவங்கள விட உனக்குத்தான் மூச்சு வாங்குது" என்பார்.

அத்தனை வழிகளிலும் ஒன்று மட்டும் என் மனசைப் போட்டு அரித்தது. செம்மநத்தம் ஊருக்குள் புகுந்து, காப்பித் தோட்டம் வழியாக ஏறி, ஓடையைத் தாண்டி, ஒரு மொட்டைப் பாறைக்குப் போகும் வழி. மற்ற இடங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறவர்கள், அந்தப் பாறைக்குப் போய்விட்டு வந்தால் "நல்லா இருந்துச்சுங்க" என்று ஒரே வார்த்தையோடு அறைக்குள் போய்விடுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அப்படி என்னதான் இருக்கிறது அங்கே? நானே போக வேண்டும். தனியாகப் போக வேண்டும். யாரும் அக்கா என்று கூப்பிடாத ஒரு பகல் வேண்டும்.

இன்றைக்கு நாளைக்கு என்று வருஷங்கள் ஓடிவிட்டன. போன மழைக்காலத்தில் வலது முழங்கால் வீங்கியது. சேலத்து டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மூட்டை மாற்றியே ஆகவேண்டும் என்றார். மாற்றினால் நன்றாக நடக்கலாமாம். ஆனால் காட்டு வழி, பாறை இறக்கம் எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டுமாம். தை மாதம், பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஆபரேஷனை நினைத்து இல்லை. பாறையை நினைத்து. ஊருக்கெல்லாம் வழி போட்டவள் எனக்கென்று ஒரு படம் போட்டேன், கிழித்தேன், மறுபடி போட்டேன். முதலில் குறித்த நாளில் பொங்கலுக்கு வந்த ஒரு குடும்பம் இன்னொரு நாள் தங்குகிறோம் என்றது. அடுத்து குறித்த நாளில் மூடுபனி, எதிரில் இருந்த பெட்டிக்கடையே கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசியில் மிஞ்சியது சனிக்கிழமை ஒன்றுதான். ஞாயிறு காலை சேலத்துக்கு இறங்கியாக வேண்டும்.

"நானும் வரேன்" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க வந்தா நடக்கறதுக்குள்ள நாலு இடத்துல உக்காரணும். நீங்க சாவியப் பாருங்க" என்றேன். கிளம்பும்போது அவர் தண்ணீர் பாட்டிலை மட்டும் நிரப்பிக் கையில் கொடுத்தார்.

வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, முழங்காலுக்கு உறையை இழுத்து மாட்டிக்கொண்டு, காலை பஸ்ஸில் போய் இறங்கினேன். கணக்கு சுத்தமாக இருந்தது. மதியத்துக்குள் பாறை, சாயங்கால பஸ்ஸுக்குள் ரோடு. என் அறைகளில் தங்கியவர்கள் எத்தனையோ பேர் போய் வந்த வழி. கணக்கு எங்கே தப்பும்?

ஊருக்குள் முதல் வீட்டு வாசலிலேயே தப்பியது. களத்தில் காயப்போட்ட காப்பிக்கொட்டையைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். வாரா வாரம் எங்கள் சமையலறைக்கு அவரைக்காயும் சௌசௌவும் கொண்டுவந்து கொடுக்கிறவள்.

"ஏனுங்கக்கா! லாட்ஜ் அக்காங்களா! வாங்க, ஊட்டுக்குள்ள வாங்க."

"இல்லக்கா, கொஞ்சம் அவசரம். திரும்பி வரப்போ வரேன்."

"நல்லா இருக்குதுங்க நாயம். மலைல நடந்து வந்தவங்கள வாசலோட அனுப்பற வழக்கம் எங்களுக்கு இல்லீங்க. ஒரு வாய் சாப்ட்டுப் போங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வழி சொல்லி அனுப்பியவர்கள் எல்லாரும் யாரோ எவரோ. தொப்பி போட்டுக்கொண்டு ஊரைக் கடந்துபோனால் நாய் குரைக்கும், அவ்வளவுதான். என்னை இந்த ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. காய், வாழைப்பழம், மிளகு, வேலைக்கு ஆள் என்று எல்லாம் இங்கிருந்துதான் எங்களுக்கு வருகிறது. அத்தனையும் யோசித்துப் படம் போட்டவளுக்கு இது மட்டும் தோன்றாமல் போயிற்றே!

சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும். ருசியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் மணி மேலேயே கண். கையைக் கழுவிக்கொண்டு படியிறங்கினால், பக்கத்து வீட்டில் அவளுடைய ஓரகத்தி இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். "அவங்க ஊட்ல சோறு, எங்க ஊட்ல ஒரு டம்ளர் காப்பி கூட ஆகாதுங்களா?" குடித்தேன். நாக்கு வெந்தது. அதற்கடுத்த வீடு, எங்கள் லாட்ஜில் அறை கூட்டும் பெண்ணின் அம்மாவுடையது. "எம்புள்ள உங்ககிட்டத்தானுங்க வேலை செய்யுது. உங்கள வெறும் வயித்தோட அனுப்புனன்னு தெரிஞ்சா அவ என்னைச் சும்மா உடுவாளா?"

வெறும் வயிறாம்! எழுந்து நடக்கவே முடியாத வயிறு. வெயில் உச்சியைத் தாண்டிவிட்டது. ராகிக் களி உருண்டையோடு தட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தது. மற்ற இரண்டு வீட்டுப் பெண்களும் வாசலில் நின்று எனக்குத் துணையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தட்டையே பார்த்தேன். அடக்க முடியவில்லை. அழுதுவிட்டேன்.

"எனக்கு இன்னைக்கு ஒரு நாள்தான் இருக்குதுங்க" என்றேன். "திங்கக்கெழம முழங்கால அறுக்கறாங்க. அப்புறம் இந்தப் பக்கம் ஏறக்கூடாதுன்னுட்டாங்க. அந்தப் பாறைய ஒரு தடவ பாக்கணும்னு வந்தேன். நீங்க என்னடான்னா சோத்தப் போட்டுப் போட்டு உக்கார வெச்சுட்டீங்க."

காய்க்கார அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? எந்திரிங்க. காட்டெருமை நிக்கற எடம் அது, நாங்களும் வரோம்." சொல்லும்போதே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். ஓரகத்தி அரிவாளைத் தேடிப் போனாள்.

எனக்குத் திக்கென்றது. இத்தனை வருஷம் காத்திருந்து, கடைசியில் மூன்று பேர் பேச்சைக் கேட்டுக்கொண்டா போவது? "தனியாப் போகணுங்க" என்றேன்.

"தனியாவா? எதுக்குங்க?"

"சும்மாதான். யாரும் என்னைக் கூப்புடாம கொஞ்ச நேரம்."

பைத்தியமோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே அது அப்படித்தான் கேட்டது. காய்க்கார அம்மாதான் கடைசியில் வழி சொன்னாள். "சரிங்க. நீங்க முன்னால போங்க. நாங்க கண்ணுக்குத் தெரியாத தூரத்துல பின்னால வரோம். அப்பப்ப 'ஓ'ன்னு கொரல் குடுப்போம். நீங்களும் ஒரு 'ஓ' குடுத்துட்டா நாங்கபாட்டுக்கு நின்னுக்குவோம். பதில் வரலீன்னா ஓடி வந்துருவோம்."

அப்படித்தான் போனேன். மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மண் பாதை. கீழே பழுப்பு இலைகள், காலடியில் நொறுங்கும் சத்தம். பின்னால் எங்கோ "ஓ". நானும் "ஓ". ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை. படத்தில் நான் அதைப் பெரிதாகப் போட்டுவைத்திருந்தேன். அதற்கப்புறம் ஏற்றம். முழங்கால் சுரீர் சுரீரென்றது. ஓரிடத்தில் நாலு காலில் தவழ்ந்துதான் ஏறினேன், யாரும் பார்க்கவில்லை என்று சந்தோஷமாக இருந்தது.

பாறை ஒன்றும் பெரிய அதிசயமில்லை. வெறும் கருங்கல், வெயிலில் சுட்டது. கீழே சமவெளி புகை மூடிக் கிடந்தது. மேட்டூர் அணை தெரியும் என்று நானே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், தெரியவில்லை. உட்கார்ந்தேன். காற்றின் சத்தம் தவிர ஒன்றுமில்லை. காலை ஆட்டவேண்டும், எழுந்திருக்கவேண்டும், மணி பார்க்கவேண்டும் என்று எதுவுமே தோன்றவில்லை. எத்தனை வருஷம் கழித்து என் உடம்பு என் பேச்சைக் கேட்டு ஓரிடத்தில் இருந்தது! நல்லா இருந்துச்சு. அதற்குமேல் எனக்கும் வார்த்தை வரவில்லை.

கீழேயிருந்து "ஓ" வந்தது. நான் பதில் கொடுக்கவில்லை. கொடுத்தால் கலைந்துவிடும் போலிருந்தது. மறுபடியும் "ஓ". இந்த முறை குரல் உயர்ந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. பிறகு காய்ந்த இலை சரசரக்கும் சத்தம், கல் உருளும் சத்தம். மூன்று பேரும் மூச்சிரைக்க ஏறி ஓடிவந்தார்கள். ஒருத்தி காலில் செருப்பில்லை. ஓரகத்தியின் கையில் அரிவாள்.

நான் முழுசாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மற்ற இருவரும் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். காய்க்கார அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"போதுமுங்களாக்கா?"

"போதலீங்கக்கா" என்றேன்.

"வாங்க புள்ளைங்களா, எறங்கிக்கலாம்" என்று அவள் மற்ற இருவரையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். மரங்களுக்குள் அவர்களுடைய சேலை நிறம் மறைந்தது. சாயங்கால பஸ் போயிருக்கும். போகட்டும். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கீழேயிருந்து, அவசரமே இல்லாத குரலில், "ஓ" என்று வந்தது. சாவியும் கேட்கவில்லை, வெந்நீரும் கேட்கவில்லை. நான் இருக்கிறேனா என்று மட்டும்தான் கேட்டது.

இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக்கொண்டு, மலை முழுக்கக் கேட்கும்படி பதில் கொடுத்தேன்.