வெள்ளைக் கல்லுக்கு இந்தப் பக்கம்

ஒரு காலை ஒரு சட்டத்திலும் மறு காலை இன்னொரு சட்டத்திலும் வைத்துக்கொண்டு நீங்கள் இட்லி விற்றதுண்டா? நான் விற்கிறேன். இன்சீன் என்ற பர்மிய ஊருக்கு முந்தைய ஒரு சின்ன ஸ்டேஷனில், கம்பிவேலி விட்டுப்போன இடத்தில் வெள்ளையடித்த கற்கள் வரிசையாக இருக்கும். கல்லுக்கு உள்ளே விற்கக் கூடாது என்பது ரயில்வே சட்டம். வெளியே நடைபாதையில் விற்கக் கூடாது என்பது நகரசபைச் சட்டம். ஒருவர் சட்டத்தை மற்றவர் நடத்த முடியாது; அந்த இடுக்கில்தான் என் கடை.

நடைபாதையில் பிழைக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், இட்லி விற்காமல் போவதல்ல, பானை பறிபோவதுதான் பயம். என்னிடம் இருப்பது ஒரே பானை. வீட்டுக்காரருக்குப் போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை வந்தால்தான் வேலை. மற்ற நாட்களில் மகளுக்குப் பால் இந்தப் பானையிலிருந்துதான்.

தொப்பியைக் கழற்றும் இடம்

விடியும் நேரத்தில் அங்கே எல்லாமே பாதித் தூக்கத்தில் இருக்கும். பனி எது, இட்லி ஆவி எது என்று தெரியாது. நகரத்தைச் சுற்றிவரும் சுற்று ரயில் யாரையும் எழுப்ப மனமில்லாதது போல மெல்ல வந்து நின்று, மெல்லப் போகும். முதுகுத் தொட்டிலில் மகள், கன்னத்தில் பூசிய தனாக்கா மரப்பட்டைச் சாந்தை என் ரவிக்கையில் தேய்த்தபடி தூங்குவாள்.

அப்போதுதான் ரயில் போலீஸ் ஊ தெய்ன் வருவார். ஐம்பது தாண்டிய மனிதர். பெரியவர் பெயருக்கு முன் "ஊ", இளைஞருக்குக் "கோ", என் போன்ற பெண்ணுக்கு "மா" என்பது இங்கே மரியாதை. உள்ளே நின்று வாங்கவே மாட்டார். கல்லைத் தாண்டி நடைபாதைக்கு வந்து, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காசை முதலில் வைத்துவிட்டுத்தான் தட்டை நீட்டுவார். ஏன் இந்தச் சடங்கு என்று ஒருநாள் கேட்டேன். "அந்தப் பக்கம் நான் போலீஸ். இந்தப் பக்கம் வெறும் பசிக்காரன். சாம்பாரை ஊத்து, மா செல்வி."

மூவரும் மழையும்

மழைக்காலத்தில் ஒரு காலை, நகரசபை லாரி சத்தம் கேட்டது. வழக்கம்போலப் பானையை மூடித் தூக்கிக் கல்லுக்கு உள்ளே வைத்துவிட்டேன். நகரசபை இன்ஸ்பெக்டர் கோ ஜோ, சின்ன வயசுக்காரர், குடையோடு கல்லருகில் வந்து நின்றார். அதற்கு மேல் அவர் கை நீளாது. உள்ளே நின்ற ஊ தெய்னைக் கூப்பிட்டார்.

"நீங்களாவது பிடிங்க, ஊ தெய்ன்!"

"நடைபாதை உங்க சட்டம், என் புத்தகத்தில் இல்லை. உள்ளே அவ விற்கவும் இல்லை. டிக்கெட் இல்லாம நின்னா மட்டும்தான் என் கேஸ்."

ஓடிப்போய் டிக்கெட் வாங்கிவந்து நீட்டினேன். மழை பெய்துகொண்டே இருந்தது. ரயில் ஒன்று வந்தது, போனது. ஒரே கனவுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி மூவரும் அசையாமல் நின்றோம். கடைசியில் கோ ஜோவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பாப்பாவுக்கு டிக்கெட் வேண்டாம், சரி. பானைக்கு எடுத்தியா?"

இரண்டு பக்கமும் போலீஸ்

போன மாதம் ஊ தெய்ன் தொப்பியைக் கழற்றாமலே கல்லைத் தாண்டி வந்தார். கையில் ஒரு தாள். கிராமத்துப் பள்ளியில் நாலு வகுப்புப் படித்த எனக்கு அதில் புரிந்தது முத்திரை மட்டும்தான். அவரே படித்துச் சொன்னார்: சாலை முனைவரை நகரசபைச் சட்டத்தையும் இனி ரயில் போலீஸ் நடத்தலாமாம். கடை கண்ணில் பட்டால், எந்தப் பக்கமானாலும் பானையை அவரே எடுத்தாக வேண்டும்.

 தூக்கம் கலைந்த மகள் என் தோளுக்கு மேலே கையை நீட்டி அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ நீங்க இனி எங்கே நின்னு சாப்பிடுவீங்க?" என்றேன்.

அவர் கல்லுக்கு அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். பனிக்குள் ரயில் ஒன்று ஊதிவிட்டுப் போனது. அதிகாரம் சாலை முனைவரை நீண்டதில், பாவம், ஓர் இட்லி தின்ன அந்த மனிதருக்கு இடமில்லாமல் போயிற்று.

பொத்தானை மெல்ல விடுவித்துக்கொண்டு, காசைக் கல்மேல் வைத்தார்.

"நாளைக்கு ஆறரைக்கு வருவேன், மா செல்வி. பொட்டலத்தை இந்தக் கல்லு மேல வச்சிடு. நான் தின்னு முடிக்கிற வரைக்கும் மட்டும், தயவுசெஞ்சு, நீ இங்கே இல்லாம இரு."