பத்துக்காலியின் நடுச்சக்கரம்

மனைவியைக் குழியில் இறக்குவதற்கு முன்னால் அவர் தானே அதில் இறங்கி அளந்து பார்த்தார். தலைமாட்டில் ஆழம் இரண்டு நூல் குறைவு. வெயில் மண்டையைப் பிளக்க, வந்த சனமெல்லாம் நிற்க, குழிவெட்டியை மறுபடி மண்வெட்டி எடுக்க வைத்தார். "வீட்டுலதான் கோணல் கட்டில்ல படுத்தா, இங்கயாவது மட்டமாப் படுக்கட்டும்" என்றார். யாருக்கும் அழுகை வரவில்லை. சிரிப்பை அடக்கி அடக்கி நாலு பேருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

நூல் என்பது பட்டறைக் கணக்கு. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. மற்றவர்களுக்கு ஒரு நூல் போனால் போகிறது என்று விடுகிற சங்கதி. இவருக்கோ அதில் பாதியே பெரிய அக்கிரமம். அதனால் ரயில் எஞ்சின் ஷெட்டில் அவருக்கு அரைநூல் என்று பெயர் வைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவல்காரனே "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவான்.

வேலை, சக்கரம் கடைவது. ஓடித் தேய்ந்த எஞ்சின் சக்கரங்களை லேத்தில் ஏற்றி மறுபடி வட்டமாக்கி அனுப்புவார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் கடைந்த சக்கரம் ஒன்றுகூடக் குறை சொல்லப்பட்டுத் திரும்பி வந்ததில்லை. தன்மேல் தப்பு என்று ஒரு நாளும் ஒருத்தரும் சொன்னதில்லை என்பதுதான் அந்த மனிதர் சேர்த்துவைத்த ஒரே சொத்து. அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா? போர்மேன் வீட்டுக் கல்யாணத்தில், படம் எடுக்க எல்லாரும் வரிசையாக நின்ற நேரத்தில், "உங்க மீசை இடது பக்கம் மூணு நூல் நீளம்" என்று உரக்கச் சொன்னார். அந்தப் படத்தில் போர்மேன் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பார். மகளைப் பெண் பார்க்க வந்த பையன் நெருப்புப் போடுகிறவன், அதாவது எஞ்சினில் கரி அள்ளுகிற பயர்மேன். அவனைத் திரும்பி நிற்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "வலது தோள் இறங்கியிருக்கு. சரி, சாஞ்ச அலமாரிலயும் சாமான் வைக்கத்தானே செய்யறோம்" என்று சம்மதம் கொடுத்தார். பையன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எங்கே போய்த் தங்கியது என்று பின்னால்தான் தெரிந்தது.

அந்த ஷெட்டில் நாலு பெரிய எஞ்சின்கள் இருந்தன. முன்னால் வழி பார்க்க இரண்டு சின்னச் சக்கரம், அதன்பின் பக்கத்துக்கு ஐந்தாக, ஒரே தண்டில் கோத்துச் சேர்ந்து சுற்றுகிற பத்துச் சக்கரம், பின்னால் ஒன்றுமில்லை. காகிதத்தில் இரண்டு-பத்து-பூஜ்யம் என்று எழுதுவார்கள். ஷெட்டில் பத்துக்காலி. மலைமேல் சுரங்கத்திலிருந்து இரும்புக்கல் இறக்கும் பாதையில் அவைதான் ஓடும். பத்துச் சக்கரமும் சேர்ந்து தண்டவாளத்தைப் பிடிப்பதால் எந்த மேட்டிலும் வழுக்காது. கனம் பத்தாகப் பிரிந்துவிடுவதால் மெலிந்த தண்டவாளமும் தாங்கும். ஒரே ஒரு வம்பு. பக்கத்துக்கு ஐந்து சக்கரம் விறைப்பாக வரிசையில் நின்றால் வளைவில் எப்படி வளையும்? சுரங்கப் பாதையில் வளைவென்றால் சாதாரண வளைவா? முன்னால் உட்கார்ந்த டிரைவர் கையை நீட்டினால் கடைசிப் பெட்டியின் கார்டிடம் தீப்பெட்டி வாங்கிக்கொள்ளலாம்.

அதற்காகச் செய்த இடத்திலேயே ஒரு தந்திரம் செய்து அனுப்பியிருந்தார்கள். ரயில் சக்கரத்தின் உள்பக்கம், தண்டவாளத்தை விட்டு நழுவாமல் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். பிளாஞ்சு என்பார்கள். பத்துக்காலியில் நடுச் சக்கரத்துக்கு மட்டும் அது கிடையாது. மொழுக்கென்று இருக்கும். வளைவில் அந்த நடுச் சக்கரம் தண்டவாளத்தின்மேல் இப்படி அப்படி நகர்ந்து இடம் கொடுக்கும். மற்ற நாலும் பிடித்துக்கொள்ளும். ஷெட்டில் தரை பெருக்குகிறவளுக்குக்கூட இது தெரியும்.

ஒரு நாள் யார்டு வளைவில் முதல் பத்துக்காலி தடம் இறங்கியது. யாருக்கும் அடி இல்லை. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த கட்டைகள் உளுத்து, விரலால் குத்தினால் மாவாக உதிர்ந்தன. விசாரிக்க வந்த அதிகாரி தண்டவாளத்தையும் பாலத்தையும் பார்க்கிற இலாகா. அந்தக் கட்டைகளை மாற்றாமல் விட்டதும் அதே இலாகாதான். அவர் கட்டைகளைத் தாண்டித் தாண்டி நடந்து வந்து, எஞ்சினுக்கு அடியில் குனிந்து, நடுச் சக்கரத்தைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் பிள்ளை பெற்றவள் முகம்போல மலர்ந்திருந்தது.

"இதுல பிளாஞ்சே இல்லையே! யாருய்யா கடைஞ்சது?"

அவருக்கு நிஜமாகவே தெரியாதா, தெரியாத மாதிரி இருந்தாரா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அரைநூல் முன்னால் வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார், பாவம்.

"நான்தான் சார். இது செஞ்சு வந்ததே அப்படித்தான். வளைவுக்காக."

"வழவழன்னு தேய்ச்சு வெச்சிட்டு வளைவுக்காகங்கறியா?"

"சார், இந்த ஒண்ணு மட்டும் இல்ல. நாலு பத்துக்காலி இருக்கு. நாலுலயும் நடுச் சக்கரம் இப்படித்தான். வந்து பாருங்க."

அதிகாரி போய்ப் பார்த்தார். ஒவ்வொரு எஞ்சினுக்கு அடியிலும் குனிந்தார். திரும்பி வந்து, "அடப்பாவி, நாலையுமா கெடுத்து வெச்சிருக்கே!" என்றார்.

அரைநூல் போர்மேன் பக்கம் கை காட்டினார். "படம் இருக்கு சார். வரைபடம். போர்மேன் அலமாரில."

போர்மேன் மீசையைத் தடவிக்கொண்டார். "சாவி தொலைஞ்சு போச்சுங்க சார்." சாவி அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதிகாரி ஆட்களை வரிசையாக நிறுத்தினார். பதினாலு பேர். "இது செஞ்சு வந்ததே இப்படியா, இவர் கடைஞ்சதா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். பாய்லர்காரர் சொன்னார்: "நமக்கு அளவெல்லாம் தெரியாதுங்க. அளக்கறது அண்ணன்தான்." கொல்லர் சொன்னார்: "அவரு செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு நாங்க பாக்கறதே இல்லீங்க." ஒருத்தர்கூடப் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். அவரவர் வாங்கின குத்தல் பேச்சை அவரவர் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கடைசியில் மருமகன் நின்றான்.

"மாப்பிள்ளை, நீயாவது சொல்லு. தினம் இதுலதானே ஏர்றே."

மருமகன் வலது தோளை ஒரு தரம் உயர்த்தி இறக்கினான். "நான் கரி அள்ளறவன் மாமா. சக்கரம் பத்தி எனக்கென்ன தெரியும்?"

அந்த வாரமே வேலை போயிற்று. வேலையோடு வந்த வீடும் போயிற்று. ஓய்வுக்கு நாலு மாசம் பாக்கி. தகரப் பெட்டியோடு அரைநூல் போய் நின்றது மகள் வீட்டு வாசலில், அதாவது அந்த மருமகன் வீட்டு வாசலில். அவனும் கதவைத் திறந்து, "வாங்க மாமா. நிலை கொஞ்சம் சாய்வு, தலை பத்திரம்" என்றான்.

அதிகாரி அத்தோடு விடவில்லை. நாலு பத்துக்காலிக்கும் நடுச் சக்கரத்தில் பிளாஞ்சு வைத்த இரும்பு டயர் மாட்டச் சொல்லி உத்தரவு போட்டார். பதினாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாட்டினால் வளைவில் ஏறி விழும் என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் இப்போது வாயைத் திறந்தால், "அன்னிக்குத் தெரியாதுன்னியே" என்பார்களே! டயரைச் சிவக்கக் காய்ச்சி, சக்கரத்தில் ஏற்றி, தண்ணீர் ஊற்றி இறுக்கினார்கள். வேலை வெகு சுத்தம்.

மறுநாள் ஷெட்டில் பரவியதே ஒரு வயிற்றுவலி! ஒன்பது டிரைவருக்கு ஒரே காலையில் வந்தது. லீவு மிச்சமில்லாத ஒரு கிழட்டு டிரைவரும், புது ஆளானதால் லீவே இல்லாத மருமகனும்தான் எஞ்சினில் ஏறுவதிலிருந்து தப்பவில்லை.

அன்று காலை அடுப்படியில் மருமகன் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான்.

"அதுல ஏறாதே மாப்பிள்ளை."

"ஏறலேன்னா ஏன்னு கேப்பாங்க."

"அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"என் தோளைப் பத்தி அன்னிக்கு நீங்க வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?"

அரைநூல் கணக்குச் சொல்கிற குரலில் சொன்னார்: "மூணாவது வளைவு. உள்ள நுழைஞ்சு எட்டாவது கட்டைல ஏறும். இடது பக்கம் சாயும். நீ இடது பக்கம் நிக்காதே."

"பயர்மேன் நிக்கற இடமே இடது பக்கம்தான் மாமா" என்று சொல்லிவிட்டு அவன் போனான். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேரில் யாரை அறைவது என்று அவளுக்குத் தீர்மானமாகவில்லை.

டிரைவர் மாடு நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினார். முதல் வளைவு கீச்சென்றது. இரண்டாவதில் தீப்பொறி பறந்தது. மூன்றாவதில் நடுச் சக்கரம் தண்டவாளத்தின்மேல் ஏறி உட்கார்ந்தது, அவ்வளவு பெரிய எஞ்சின் தூக்கம் வந்த யானைபோல மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது. டிரைவர் வலது பக்கம் குதித்தார். மருமகனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போயிற்று.

ஆஸ்பத்திரியில் கட்டிலருகே நின்று அரைநூல் கேட்ட முதல் கேள்வி: "எத்தனாவது கட்டை?"

"ஒன்பது" என்றான் மருமகன், கண்ணைத் திறக்காமல்.

"ஒன்பதா? எட்டுன்னு நினைச்சேனே."

அங்கிருந்த நர்ஸ் அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாள் என்று சொல்வார்கள். தள்ளவில்லை. தள்ளியிருக்க வேண்டும். அவர் தானாகவே வெளியே போய், படிக்கட்டில் உட்கார்ந்து, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தவர்கள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் படியில் அவர் அழுதாரென்று ஒப்புக்கொள்ள ஷெட்டில் ஆளில்லை.

இரண்டாவது விசாரணைக்கும் அதே அதிகாரி. அவருக்கு இப்போது இரண்டே வழி. ஒன்று, டயர் மாட்டச் சொன்னது தன் தப்பு என்று எழுத வேண்டும். அதைக் காட்டிலும் அவர் தண்டவாளத்தில் தலை வைப்பார். இன்னொன்று, டிரைவரும் பயர்மேனும் வேகமாக ஓட்டினார்கள் என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் ஒற்றைக் காலோடு மருமகனுக்கு வேலையும் இல்லை. ஆனால் மீதி மூன்று பத்துக்காலியும் ஓடியாக வேண்டும், சுரங்கத்தில் கல் மலையாகக் குவிந்துகொண்டிருந்தது, பிளாஞ்சைக் கடைந்து எடுக்கிற கை ஒன்றுதான் இருந்தது. அதனால் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார். காகிதத்தோடு மகள் வீட்டுக்கே வந்தார்.

அதில் இப்படி இருந்தது: 'நடுச் சக்கரங்களின் பிளாஞ்சை நான் என் கவனக்குறைவால் கடைந்து எடுத்துவிட்டேன். அந்தத் தவறு எதிர்பாராதவிதமாக வளைவுகளுக்கு அனுகூலமாக அமைந்துவிட்டபடியால், அதையே மீதி மூன்று எஞ்சின்களிலும் மறுபடி செய்ய அனுமதிக்குமாறு வேண்டுகிறேன்.'

"கையெழுத்துப் போடுங்க. வேலை உண்டு, வீடு உண்டு. உங்க மாப்பிள்ளைக்கு விளக்கு அறையில உக்காந்த வேலை. போடலேன்னா வேகமா ஓட்டினதா எழுதிருவேன். எனக்கு வேற வழி இல்ல."

"நான் கடையலையே சார்" என்றார் அரைநூல். முப்பத்தோரு வருஷத்தில் இப்படிக் கெஞ்சுகிற குரல் அவருக்கு இருந்ததே யாருக்கும் தெரியாது. "செஞ்சு வந்ததே அப்படி. அலமாரியைத் திறந்து ஒரு தரம் படத்தைப் பாருங்க. பாத்துட்டு என்னை என்ன வேணா பண்ணுங்க."

மகள் உள்ளிருந்து வந்தாள். அம்மாவைப் புதைத்த நாளில் அவளும் அந்த வெயிலில் நின்றவள். "அப்பா, உங்க வாயால எத்தனை பேருக்குக் குறை சொல்லியிருப்பீங்க? ஒரே ஒரு தடவை உங்களுக்கே சொல்லிக்குங்க. செத்துற மாட்டீங்க."

உள்ளறையில் மருமகன் கட்டிலில் புரண்டான். கட்டில் கிறீச்சிட்டது.

அரைநூல் காகிதத்தை இன்னொரு முறை படித்தார். "எவ்வளவு கடைஞ்சேன்னு போடலையே சார்."

"எவ்வளவு போடலாம்?"

"ஒன்பது நூல். பிளாஞ்சு உயரம் அவ்வளவு."

அதிகாரி எழுதினார். அரைநூல் கையெழுத்துப் போட்டார். ஷெட்டுக்குக் கொண்டுபோனதும் கீழே சாட்சிக்குப் பதினாலு பேரும் போட்டார்கள். போர்மேன் முதலில், பெரிய எழுத்தில்.

அன்றைக்கு ஷெட்டில் ஒரே கும்மாளம். "என்னண்ணே, தெரியாமக் கை பட்டுருச்சா?" என்று கேட்டவர்கள் உண்டு. "ஒன்பது நூல்" என்று புதுப் பெயரே வைத்துவிட்டார்கள். அவர் நேரே லேத்துக்குப் போனார். மூன்று எஞ்சினின் நடுச் சக்கரங்களையும் மொழுக்கென்று கடைந்து கொடுத்தார். நாலாவது, விழுந்தது, பழைய இரும்பாகப் போயிற்று.

அதற்குப் பிறகு கவனித்தார்கள். சக்கரம் கொண்டுவந்து வைத்து, "அண்ணே, இது தேறுமா?" என்றால், குனிந்து பார்க்காமலே "சரிதான்" என்றார். பாய்லர்காரர் வேண்டுமென்றே ஒரு விரிசல் விட்ட டயரைக் காட்டினார். "சரிதான்." போர்மேன் மீசையை ஒரு பக்கம் முழுக்க எடுத்துவிட்டு வந்தார் என்றுகூடச் சொல்வார்கள். அதற்கும் "சரிதான்".

சிரிப்பு ஒரு வாரம் தாங்கியது. அடுத்த வாரம் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த ஷெட்டில் சக்கரம் பார்க்கிற கண் வேறு இல்லை. எதையும் பார்த்துப் பழகாதவர்கள் பதினாலு பேர். மலையிறங்கும் பாதையில் நூற்றெட்டு வளைவு.

"நமக்கு ஒரு வார்த்தை சொல்லுண்ணே" என்றார் கிழட்டு டிரைவர், பத்துக்காலியின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு. "முன்பக்கம் ரெண்டாவது சக்கரம். போன தடவை வளைவுல ஒரு மாதிரி சத்தம் கொடுத்துச்சு. பிளாஞ்சு தேஞ்சிருக்கா?"

"சரிதான்."

"நீ பாக்கவே இல்லையேண்ணே."

"சரிதான்னு சொன்னேனே" என்று அரைநூல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

கார்டு பின்னாலிருந்து பச்சைக் கொடி காட்டினான். டிரைவர் இன்னொரு காலையும் படியில் வைக்காமல் நின்றுகொண்டேயிருந்தார்.