வீங்கிய ஹார்ட்டும் வேனில் படுத்தவரும்

தோல் டாக்டரிடம் யாரும் நேராக வருவதில்லை. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய களிம்பு தீர்ந்த பிறகுதான் வருவார்கள். உங்கள் வீட்டு பீரோவிலும் பிதுக்கிய டியூப் ஒன்று கிடக்கும், எனக்குத் தெரியும். செங்கல்பட்டு கிளினிக்கில் நான் அதிகம் பார்ப்பது படையும் அரிப்பும்தான். சில தடிப்புகளில் மட்டும், துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செல்கள் எதையோ சுற்றி வளைத்து நிற்கும். உடம்பு தன்னால் கரைக்க முடியாததைக் கட்டிப்போடப் பார்க்கிறது. இதைத்தான் கிரானுலோமா என்கிறோம். உள்ளே சிக்கியது கிருமியா, வேறு ஏதாவதா என்பதுதான் எங்கள் தலைவலி.

வாஸ்து மீன்

சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் இளைஞர். விரலில் தொடங்கி முழங்கை வரை வரிசையாகக் கட்டிகள். அலர்ஜி என்று நினைத்து ஏதேதோ சாப்பிட்டிருக்கிறார். "வீட்ல மீன் தொட்டி இருக்கா?" என்றேன். இருந்தது. விரலில் காயத்தோடு அதைக் கழுவியுமிருக்கிறார். தண்ணீரில் வாழும் கிருமி, காசநோய்க் கிருமிக்குத் தூரத்துச் சொந்தம். அடுத்தவருக்கு ஒட்டாது, சில மாதம் மாத்திரை போட்டால் போய்விடும் என்றேன். அவர் கவலை வேறு: "ப்ரமோஷன் வரும்னு வாஸ்து பார்த்து வெச்ச தொட்டி மேடம் அது."

சிவப்பு மட்டும்

முட்டுக்காட்டில் படகு ஓட்டுபவர், மனைவியோடு வந்தார். புஜத்தில் பச்சை குத்தியிருந்தார்: கறுப்பில் மனைவி பெயர், பக்கத்தில் சிவப்பில் ஹார்ட். ஹார்ட் மட்டும் புடைத்து அரித்தது. பரிசோதனையில் கிருமி இல்லை. சிவப்பு மை உடம்புக்கு ஆகவில்லை. ஊசி போட்டால் அமுங்கும் என்றேன். மனைவி சிரிக்காமல் சொன்னார்: "எம்பேரு நல்லாத்தான் கீது டாக்டரம்மா, இவரு மனசுதான் இன்னாத்துக்கோ வீங்கிக்கினு போவுது."

வேனில் படுக்கை

ஊரப்பாக்கத்திலிருந்து ஆபீஸ் வேன் ஓட்டுபவர். முன்கையில் வெளிறிய தடிப்பு. சைலன்சர் சுட்டும் வலிக்கவில்லை என்றார். பஞ்சால் தொட்டேன், தொட்டதே தெரியவில்லை. தொழுநோய்தான். அவரும் முன்பே சந்தேகப்பட்டிருக்கிறார். வீட்டில் யாரிடமும் சொல்லாமல், தனித்தட்டு வைத்துக்கொண்டு, வேனிலேயே படுத்துவந்திருக்கிறார். குழந்தையைத் தூக்குவதையும் விட்டுவிட்டார்.

அவர் சம்மதத்தோடு, கூட வந்து வெளியே உட்கார்ந்திருந்த மனைவியை உள்ளே கூப்பிட்டேன். மாத்திரை ஆரம்பித்துவிட்டால் இவரிடமிருந்து பரவாது, முழுசாகக் குணமாகும், வீட்டிலுள்ளவர்களையும் ஒருதரம் பரிசோதித்துவிடலாம் என்று விளக்கினேன். அவர் தலை நிமிரவேயில்லை. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்: "என்னப் புடிக்காமத்தான் வேன்ல படுக்கறன்னு நெனச்சுக்கினு இருந்தேனேய்யா! மாத்திரைய முழுங்கிட்டு வூட்டுக்குள்ள வந்து படு."

கிருமியை மாத்திரை பார்த்துக்கொள்கிறது. நான் படித்த படிப்பெல்லாம் பெரும்பாலும் புருஷன் பெண்டாட்டி பஞ்சாயத்துக்குத்தான் உதவுகிறது.