ஒரே பெயர் கொண்ட இரண்டு கோணங்கள்

கேஸ் அடுப்புக்குப் பக்கத்துக் கடப்பாக்கல் மேடையில் சாக்பீஸால் ஒரு முக்கோணம் போட்டுவிட்டு, ரசம் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் அண்ணி நின்றிருந்த அந்தச் சாயங்காலம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கல்யாணத்துக்கு முன்பே பத்தாவதில் கணக்கில் மட்டும் தோற்றவர் அண்ணி. சேதராப்பட்டுத் தொழிற்சாலை ஒன்றில் பத்தாவது தேறிய பெண்களை எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் தனித்தேர்வராகப் பணம் கட்டினார். அந்த வருஷம் நானும் பத்தாவது. உழவர்கரை வீட்டின் சமையலறையில் சேர்ந்தே படித்தோம். கேள்வி இதுதான்: இருசமபக்க முக்கோணத்தில் உச்சிக்கோணம், அடிக்கோணத்தைவிட முப்பது டிகிரி அதிகம், மூன்று கோணங்களையும் காண்க. கீழ்வகுப்புப் பாடம்தான். ஆனால் அண்ணிக்குக் கணக்கு விட்டுப்போனதே அங்கேதான்.

“மூணுமே தெரியாது. எதைன்னு கண்டுபுடிக்கிறது பாப்பா?”

இரண்டு பக்கம் சமம் என்றால் அவற்றுக்கு எதிரே உள்ள கோணங்களும் சமம், இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கலாம் என்றேன். அடியில் இரு மூலையிலும் x என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, உச்சியில் x + 30 என்று அவரே போட்டார்.

“அப்ப தெரியாதது ஒண்ணுதான்” என்றார், மெதுவாக.

மூன்றையும் கூட்டினால் நூற்றெண்பது. 3x + 30 = 180. முப்பதைக் கழித்து மூன்றால் வகுத்தார்; x ஐம்பது, உச்சி எண்பது. நம்பாதவர்போல ஐம்பது, ஐம்பது, எண்பது என்று மறுபடி கூட்டிப் பார்த்த பிறகுதான் அடுப்பை அணைத்தார்.

தேர்வு வந்தபோது அண்ணிக்கு ஒன்பதாம் மாதம். இந்த வெயிலில் பஸ் ஏற வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள் அம்மா. அண்ணன் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கொழந்த வந்துட்டா அப்புறம் எங்க படிக்கிறது அத்தை? இப்பவே எழுதிட்டு வந்துடுறேன்” என்றார் அண்ணி.

 கணக்குத் தேர்வன்று தயிர்சாதம் கட்டிக்கொண்டு அம்மாவே கூடப் போனாள். பரீட்சை முடியும்வரை பள்ளிக்கூட வாசலில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாளாம்.

இன்று அண்ணி அதே தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்; பொருளின் அளவு சரியில்லையென்றால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறவர். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது தேர்வு முடிவு வந்த காலைதான். போனில் பார்த்து, கணக்கில் நாற்பத்தொன்று என்று சொன்னேன். அண்ணி மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனாள்.

“எங்க மருமவ பாஸ் பண்ணிட்டா” என்று வீடு வீடாகச் சொல்லும் குரல் தெருக்கோடிவரை கேட்டது.

நானும் தேறியிருந்தேன். அன்று அதை யாரும் கேட்கவில்லை.